மதுரையின் சிறு உணவுக் கடைகளை மதிப்பிட்டு எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஒரு பரோட்டாக் கடையைப் பற்றியோ ஒரு மெஸ்ஸைப் பற்றியோ எழுத நினைப்பவர், முதலில் அந்தக் கடை எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். சிறு கடை பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் உழைப்பில், ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் மட்டும், இரண்டு அல்லது மூன்று பண்டங்களை நம்பி நடக்கிறது. அன்றைக்கு வாங்கிய கறி, அன்றைக்கு அரைத்த மாவு, அன்றைக்கு வேலைக்கு வந்த மாஸ்டர் ஆகிய மூன்றும் சேர்ந்தே அன்றைய சுவையைத் தீர்மானிக்கின்றன. நூறு பண்டங்களை அட்டையில் அச்சிட்டுக் குளிரூட்டிய அறையில் பரிமாறும் ஓட்டலுக்கான அளவுகோலை இங்கே கொண்டுவந்து வைத்தால் கடைக்காரருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். படித்துவிட்டுச் சாப்பிடப் போகிறவருக்கும் அதனால் பயன் இராது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நகருக்குள் இருக்கும் ஒரு மெஸ்ஸில் மட்டன் சுக்கா சாப்பிட்டேன். கறி வறண்டு, நார் நாராகப் பிரிந்தது. பழைய கறியைச் சூடுபண்ணிக் கொடுக்கிறார்கள் என்று எழுதிவிட்டேன். புரட்டாசியில் அசைவம் சாப்பிடுகிறவர்கள் குறைந்துவிடுவதால், அந்தக் கடையில் காலையில் ஒரே ஒரு முறை கொஞ்சமாகச் சமைத்து இரவு வரை அதையே கல்லில் பிரட்டிக் கொடுக்கிறார்கள் என்பதும், மற்ற மாதங்களில் இரண்டு வேளையும் புதிதாகச் சமைக்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்று நான் சாப்பிட்டதைப் பற்றி எழுதியது பொய்யில்லை என்றாலும், அதை ஆண்டு முழுவதற்குமான தீர்ப்பாக எழுதியது பெரிய பிழை. ஐப்பசியில் மறுபடியும் போய்ச் சாப்பிட்டு, எழுதியதைத் திருத்தினேன். கீழே சொல்லும் முறை அதற்குப் பிறகு நான் வகுத்துக்கொண்டது.

முதல் படி: கடையின் பெயர் சொல்லும் பண்டம் எது என்று கண்டுபிடித்தல்

பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது எப்போதும் அந்தக் கடையின் சிறந்த பண்டமாக இருப்பதில்லை. வாடிக்கையாகச் சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்காமலே எது இலைக்கு வருகிறதோ, கடை மூடுவதற்கு வெகுநேரம் முன்பே எது தீர்ந்துபோகிறதோ, அதுவே அந்தக் கடையின் பண்டம். இதைத் தெரிந்துகொள்ள முதல் நாள் கடைக்கு எதிரே பத்து நிமிடம் நின்று பார்ப்பது நல்லது. பிறகு சப்ளையரிடம் “அண்ணே, இங்க எதுக்காக ஆளுங்க வர்றாங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் நேர்மையான பதில் கிடைக்கும். “எது நல்லாருக்கும்?” என்று கேட்டால் “எல்லாமே நல்லாருக்கும்” என்பதைத் தவிர வேறு பதிலை எதிர்பார்க்க முடியாது.

மதுரையில் பண்டத்துக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விளக்குத்தூண் என்றதும் ஜிகர்தண்டா நினைவுக்கு வருகிறது. மேலச் சித்திரை வீதியில் கோபு அய்யங்கார் கடை வெள்ளையப்பத்துக்குப் பெயர் பெற்றது. கோனார் கடை என்ற பெயரைக் கேட்டாலே கறி தோசையை நினைக்கிறார்கள். இப்படி ஊரே ஒரு பண்டத்தோடு சேர்த்துப் பேசும் கடைக்குப் போய், அங்கே ஃபிரைடு ரைஸ் வாங்கிச் சாப்பிட்டுக் குறை எழுதுவதில் பொருளில்லை.

இரண்டாவது படி: நாளும் நேரமும்

தூங்கா நகரம் என்று இந்த ஊருக்குப் பெயர் இருந்தாலும், ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. பரோட்டாக் கல் மாலையில்தான் சூடேறுகிறது. ஏழு மணிக்கு முதல் சால்னா கெட்டியாகவும் மணமாகவும் இருக்கும். பத்தரை மணிக்குக் கூட்டம் மிகுந்த கடைகளில் அதே சால்னாவில் வெந்நீர் சேர்ந்திருக்கும். மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் சாப்பிட வேண்டும். மூன்று மணிக்குப் போனால் குழம்பின் அடிவண்டலும் ஆறிய பொரியலும் கிடைக்கும், அதை வைத்துக் கடையை எடைபோட முடியாது.

நாட்களிலும் வேறுபாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கறி புதிதாகக் கிடைப்பதோடு கூட்டமும் மிகுதியாக இருப்பதால் கவனிப்பு குறையும். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் ஆகிய நாட்களில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் அந்த நாளிலோ மறுநாள் காலையிலோ கறிக் கடையை மதிப்பிடக் கூடாது. சித்திரைத் திருவிழாவின்போது அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி ஊருக்குள் லட்சக்கணக்கானோர் வந்து சேர்கிறார்கள்; அந்த வாரத்தில் எந்தக் கடையின் இயல்பான சுவையும் தெரியாது. புரட்டாசியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

ஒரு கடைக்குக் குறைந்தது மூன்று முறை போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் முறை கூட்டம் குறைந்த நாளில் தொடக்க நேரத்திலும், இரண்டாம் முறை கூட்டம் மிகுந்த நாளிலும், மூன்றாம் முறை இரண்டு வாரமாவது கழித்தும் போனால், ஒரு நாள் நேர்ந்த குறையும் அந்தக் கடையின் வழக்கமான குறையும் தனித்தனியே தெரியவரும்.

மூன்றாவது படி: சாப்பிடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கை கழுவும் இடம், தண்ணீர்க் குடம் மூடியிருக்கிறதா என்பது, இலையைத் துடைக்கும் துணி, பணம் வாங்கும் கையே உணவைத் தொடுகிறதா என்பது ஆகியவற்றைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் கடையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். தள்ளுவண்டிகளில் அது பெரும்பாலும் ஒரு மூலையில் ஒட்டப்பட்டிருக்கும், இருந்தால் குறித்துக்கொள்ளலாம். வடையையும் பஜ்ஜியையும் செய்தித்தாளில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் சூடான எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்கும் என்பதே காரணம். வாழையிலைத் துண்டில் கொடுக்கும் கடை இதில் தானாகவே ஒரு படி மேலே நிற்கிறது.

எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள், 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளர் அதை அளந்து பார்க்க முடியாது. ஆனால் சட்டியில் நுரை அடங்காமல் நிற்பதும், மிதமான தீயிலேயே புகை கிளம்புவதும், எண்ணெய் கருத்துப் பிசுபிசுப்பாக வடிவதும், வடையைக் கடித்த பின் தொண்டையில் கமறுவதும் பழைய எண்ணெயின் அடையாளங்கள். இவற்றில் குறைந்தது இரண்டு அடையாளங்கள் சேர்ந்து தெரிந்தால்தான் எழுத வேண்டும்.

நான்காவது படி: பண்டங்களைச் சுவைத்தல்

பசியோடு போக வேண்டும். ஆனால் கடும் பசியோடு போகக் கூடாது, ஏனென்றால் அப்போது எல்லாமே சுவையாக இருக்கும். ஒரு வேளையில் இரண்டு பண்டங்களுக்கு மேல் மதிப்பிட முயல வேண்டாம். எதையும் முதலில் தனியாகச் சுவைத்து, பிறகே குழம்போடும் சட்னியோடும் சேர்க்க வேண்டும். இனி ஒவ்வொரு பண்டத்துக்கும் உரிய நுட்பங்களைப் பார்க்கலாம்.

பரோட்டாவில் கவனிக்க வேண்டியது மாவு ஊறிய நேரமும், வீசிய மெல்லிசும், கல்லிலிருந்து எடுத்த பின் பக்கவாட்டில் அடித்துப் பிரித்த அடுக்குகளும். நன்றாக ஊறிய மாவில் செய்த பரோட்டாவை இரண்டு விரலால் இழுத்தாலே சுருள் சுருளாகப் பிரியும். நடுவில் வெள்ளையாக, பச்சை மாவு வாடையோடு இருந்தால் வேகாதது. ஆறினால் எந்த மைதாப் பரோட்டாவும் ரப்பர் போல ஆகிவிடும். அது மாவின் தன்மை, மாஸ்டரின் குறையன்று. ஆகவே பார்சலில் வாங்கிப்போய் அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட்டுவிட்டுப் பரோட்டா கடினம் என்று எழுதுவது நியாயமாகாது. வகையையும் கலந்துவிடக் கூடாது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா எண்ணெயில் பொரிந்து மொறுமொறுவென்று இருக்கும். மதுரையின் பன் பரோட்டா சிறியதாக, தடித்து, உள்ளே பஞ்சுபோல இருக்கும். முன்னதற்குப் பழகிய நாக்கு பின்னதில் மொறுமொறுப்பைத் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும்.

சால்னாதான் ஒரு பரோட்டாக் கடையின் உண்மையான முகவரி. அதிலும் கறித் துண்டு எதுவும் இல்லாத எம்டி சால்னாவை முதலில் ஒரு கரண்டி தனியாக வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். சோம்பு, கசகசா, தேங்காய், பொட்டுக்கடலை ஆகியவற்றில் எது முன்னால் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். தேங்காய் குறைந்து பொட்டுக்கடலை மிகுந்தால் நாக்கில் மாவுபோல ஒட்டும். மேலே மிதக்கும் எண்ணெய் மசாலாவை வதக்கும்போது பிரிந்ததா, கடைசியில் நிறத்துக்காக ஊற்றியதா என்பதையும் அறிய முடியும். வதக்கும்போது பிரிந்த எண்ணெயில் மசாலாவின் மணம் இருக்கும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுவதே உள்ளூர் வழக்கம். அந்த இரண்டு நிமிடத்தில் பரோட்டா கூழாகாமல் சால்னாவைக் குடித்திருந்தால் இரண்டும் பொருந்தியிருக்கின்றன என்று எழுதலாம்.

கறி தோசை மூன்று அடுக்காக வரும். கீழே தடித்த தோசை, நடுவில் முட்டை, மேலே மசாலாவில் வெந்த கொத்துக்கறி. அதைத் திருப்பிப் போட்டு வேகவைப்பதால், கறி கல்லில் நேராகப் பட்டு முறுகும். ஓரத்தைச் சாப்பிட்டு முடிவுக்கு வராமல் நடுப்பகுதியை எடுத்துப் பார்க்க வேண்டும். தோசை தடிப்பாக இருப்பதால் அங்கேதான் மாவு வேகாமல் நிற்கும். கறி ஏற்கெனவே வதங்கி நீர் வற்றியதாக இருக்க வேண்டும். ஈரக் கறியைப் போட்டிருந்தால் தோசை தளர்ந்து, தூக்கும்போது அடுக்குகள் தனித்தனியாக வழுக்கும். ஒரு தோசையை இருவர் பகிர்ந்து சாப்பிடலாம். விலையை எழுதும்போது இதையும் சொன்னால்தான் அந்த விலை நியாயமா என்று படிப்பவருக்குப் புரியும்.

அயிரை மீன் குழம்பைப் பற்றி எழுதுகிறவருக்குக் கொஞ்சம் கூடுதலான பொறுப்பு இருக்கிறது, ஏனென்றால் மெஸ்களில் விலை மிகுந்த பண்டங்களில் அதுவும் ஒன்று. விரல் நீளமே உள்ள இந்த மீன் கண்மாய்ச் சேற்றிலும் ஆற்று மணலிலும் வாழ்கிறது. உயிரோடு வாங்கி வந்து, பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு, அது உள்ளே இருக்கும் மண்ணைக் கக்கிய பிறகு, கல்லுப்புப் போட்டு உரசி வழுவழுப்புப் போகக் கழுவுகிறார்கள். முள்ளோடும் தலையோடும் முழுதாகச் சாப்பிடுவதால் இந்த வேலையில் அவசரம் காட்டினால் பல்லில் மண் நறநறக்கும். எனவே முதலில் பார்க்க வேண்டியது மண் இருக்கிறதா என்பதே. அடுத்தது, புளி மீனை அமுக்கிவிட்டதா, மீன் குழம்பில் கரையாமல் முழுதாக நிற்கிறதா என்பது. மழைக்குப் பின் கண்மாய்களில் நீர் வரும் காலத்தில் வரத்து கூடும். மற்ற காலங்களில் விலை ஏறும். சாப்பிடுவதற்கு முன்பே விலையைக் கேட்டுக்கொண்டு, எழுதும்போது மாதத்தையும் ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ எத்தனை மீன் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் படிப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இரவில் நடைபாதையில் அக்காமார்கள் நடத்தும் இட்லிக் கடைகளில் இட்லியைத் துணியில் ஊற்றி அவிப்பது வழக்கம். அடிப்பக்கத்தில் துணியின் இழைத் தடம் தெரியும். அந்த இட்லியை அழுத்தினால் மறுபடி எழும்ப வேண்டும். புளித்த மாவை நாக்கின் பக்கவாட்டில் உணரலாம். சட்னிகளின் எண்ணிக்கையைப் புகழ்ந்து எழுதுவதைவிட, தேங்காய்ச் சட்னியில் தேங்காய் எவ்வளவு, காரச் சட்னியில் மிளகாய் வதங்கியதா என்று எழுதுவது நல்லது. குடல் குழம்பு, பாயா வைக்கும் கடைகளில் இட்லி அந்தக் குழம்புக்காகவே செய்யப்படுவதால் உப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம்.

ஜிகர்தண்டாவில் அடியில் கடற்பாசி அல்லது பாதாம் பிசின், அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம் என்று அடுக்கி வைக்கிறார்கள். கலக்குவதற்கு முன் ஐஸ்கிரீமை ஒரு கரண்டி தனியாகச் சாப்பிட வேண்டும். பால் சுண்டிய மணமும் பழுப்பு நிறமும் இயல்பாக வந்தவையா, எசென்ஸால் வந்தவையா என்று அப்போது தெரியும். நன்னாரியின் வேர் மணம் கடைசிவரை தொடர வேண்டும். வெறும் இனிப்பு மட்டும் மிஞ்சினால் சர்பத் தரமற்றது.

பருத்திப்பால் இதற்கு நேர் எதிரான பண்டம். பருத்திக் கொட்டையை இரவில் ஊறவைத்து, அரைத்துப் பால் எடுத்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். பச்சைக் கொட்டை வாடை போயிருக்கிறதா, இனிப்பு கருப்பட்டியா சர்க்கரையா, சுக்கு தொண்டையில் இதமாக இறங்குகிறதா ஆகிய மூன்றும் போதும்; மாவு மிகுந்தால் கஞ்சியாகிவிடும். தள்ளுவண்டியில் சூடாக வாங்கி அங்கேயே நின்று குடித்துவிட்டு எழுத வேண்டும்.

முள்ளு முருங்கை வடையிலும் பூரியிலும் இலையின் பச்சை நிறமும் மிளகின் உறைப்பும் இருந்தால் சரி. அழகர்கோவிலில் நெய்யில் வார்த்துத் தரும் தோசையையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தோலோடு கூடிய உளுந்தும் மிளகும் சுக்கும் சேர்ந்த அந்தத் தோசை பிரசாதம். அதை விவரித்து எழுதலாம், மதிப்பிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

ஐந்தாவது படி: பேச்சு, படம், பணம்

எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாம். சொன்னால் நமக்கு வருவது எல்லோருக்கும் வருகிற தட்டாக இருக்காது. சாப்பிட்டுப் பணம் கொடுத்த பிறகு, கல்லாவில் கூட்டம் இல்லாதபோது, செய்முறையைப் பற்றிக் கேட்கலாம். படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டும். பாத்திரம் கழுவுகிறவர்களையும் பக்கத்து இலையில் சாப்பிடுகிறவர்களையும் படத்தில் கொண்டுவரக் கூடாது. “காசு வேணாம் தம்பி” என்று அன்பாகச் சொன்னாலும் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். வாங்க மறுத்துவிட்டால், அதை எழுத்தில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

ஆறாவது படி: எழுதுதல்

கடையை விட்டு வெளியே வந்ததும் தேதி, மணி, சாப்பிட்டவை, ஒவ்வொன்றின் விலை, காத்திருந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் உறைப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

சுவையைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. முறுகல், மொறுமொறுப்பு, குழைவு, கமறல், காறல், சிக்கு வாடை, அடிப்பிடித்த வாடை, பச்சை வாடை, தொண்டையில் நிற்கும் உறைப்பு, நுனி நாக்கோடு போகும் உறைப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு தனி அனுபவத்தைக் குறிக்கிறது. “வேற லெவல் சுவை” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. “சால்னாவில் சோம்பு முன்னால் நிற்கிறது, தேங்காய் குறைவு, மூன்றாவது பரோட்டாவின்போதுதான் உறைப்பு ஏறுகிறது” என்று எழுதினால், சோம்பு பிடிக்காதவர் அந்தக் கடைக்குப் போகாமல் இருந்துவிடுவார், காரம் தாங்காதவர் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்.

ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பெண் போடுவதை நான் விட்டுவிட்டேன். தள்ளுவண்டிப் பருத்திப்பாலுக்கு நான்கும், மெஸ்ஸின் அயிரைக் குழம்புக்கு நான்கும் கொடுத்தால் இரண்டும் எந்த வகையில் சமம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, எந்த நேரத்தில் போக வேண்டும், எதை வாங்க வேண்டும், எதைத் தவிர்க்கலாம், ஒருவருக்கு எவ்வளவு செலவாகும், குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப்போக உட்கார இடம் உண்டா என்பனவற்றை முழு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். இடத்தை மேலமாசி வீதி, வடக்காவணி மூல வீதி என்று திசையோடு எழுத வேண்டும். திசையை விட்டுவிட்டு மாசி வீதி என்று மட்டும் எழுதினால், வெளியூர்க்காரர் கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் அலைய நேரும்.

ஏழாவது படி: குறையை எழுதும் முறை

சுவைக் குறையைக் குறைந்தது இரண்டு முறை கண்ட பிறகே எழுத வேண்டும். எழுதும்போது பண்டத்தைக் குறை சொல்லலாம்; ஆளைக் குறை சொல்லக் கூடாது. “சுக்கா இரண்டு முறையும் வறண்டிருந்தது” என்பது சாப்பிட்டதைப் பற்றிய செய்தி. “இவர்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை” என்பது ஒருவருடைய பிழைப்பின் மீது விழும் அடி. சுத்தக் குறையை ஒரு முறை கண்டாலே போதும் என்றாலும், முதலில் கடைக்காரரிடமே தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வடைக் கடையில், எண்ணெய் கமறுகிறது என்று சொன்ன இரண்டாம் நாளே சட்டியை மாற்றினார்கள். சொல்லியும் மாறாவிட்டால் எழுதலாம். கெட்டுப்போன உணவு போன்ற கடுமையான குறையானால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு உடனே தெரிவிப்பதே முறை. வயிற்றுக் கோளாறு வந்தால் அதற்கு அந்தக் கடைதான் காரணம் என்று மருத்துவரின் உறுதியின்றி எழுதக் கூடாது, ஏனென்றால் உணவால் வரும் கோளாறு சில மணி நேரத்திலும் வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். இடையில் நாம் சாப்பிட்ட இடங்கள் பலவாக இருக்கும்.

எட்டாவது படி: மறுபடியும் போதல்

சிறு கடையின் சுவை ஓரிருவரின் கையில் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டால் ஒரே வாரத்தில் பரோட்டா மாறிவிடும். சால்னாவை வீட்டிலிருந்து கூட்டி அனுப்பும் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் சால்னாவும் மாறும். ஆகவே எழுதியதன் தலைப்பகுதியிலேயே எந்த மாதம், எந்த ஆண்டு சாப்பிட்டது என்பதைக் குறிப்பிட்டு, ஆண்டுக்கு ஒரு முறையாவது அதே கடைக்குப் போய், அதே பண்டத்தை அதே நேரத்தில் சாப்பிட்டு, மாறிய விலையையும் மாறிய சுவையையும் பழைய குறிப்பை அழிக்காமல் அதன் கீழே சேர்த்து எழுதி வர வேண்டும்.